வேலியடியில் ஒருவர் மட்டும்

மாம்பழ வாசனையில்தான் சுபாஜினிக்கு விழிப்பு வந்தது.

மாம்பழக் காலம் முடிந்து இரண்டு மாதமாகிறது. நுளம்பு வலைக்குள், பக்கத்தில் மல்லாந்து கிடந்த ஜெயரூபன் கண்ணைக்கூடத் திறக்காமல் அந்த நீலக் குழலை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். நுனியில் ஒரு சின்ன வெளிச்சம் பற்றி அணைந்தது. வலைக்குள் வெள்ளையாக ஒரு படலம் பரவிக் கரைந்தது.

“இன்னும் விடியேல்லை,” என்றாள்.

“உமக்கு இப்ப என்ன செய்யுது? புகையும் இல்லை, சாம்பலும் இல்லை.”

“படுக்கையிலை கிடந்து இழுக்கிற பழக்கம் உங்களுக்கு முந்தி இருக்கேல்லை.”

அவன் இன்னொரு தரம் இழுத்தான்.

சித்திரை மாதம் நடந்ததைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பிப் போட்டோக்கொப்பிக் கடை நடத்தும் ஜெயரூபன், ஒரு மத்தியானம் கடதாசிக் கட்டைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரத்தக் குழாயில் கம்பிவலை வைத்து அவனைப் பிழைக்கவைத்த டாக்டர், இனி ஒரு சிகரெட்கூடத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். இருபத்தேழு வருடப் பழக்கம். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நாலாம் நாள் சுவரில் ஓங்கிக் குத்திக் கையைக் காயப்படுத்திக்கொண்டான்.

அப்போதுதான் சுபாஜினி கனடாவில் இருக்கும் தம்பி நிருஷனுக்குப் போன் எடுத்தாள். அவன் சிகரெட்டை விட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறியவன். இங்கே வெளிப்படையாக விற்க முடியாத அந்தச் சாமானை, லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான்.

முதல் மாதம் அவள் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். தலையணை உறையில் சிகரெட் மணம் இல்லை. சேர்ட்டுப் பையில் புகையிலைத் தூள் இல்லை. காலையில் குரல்வளையைப் பிடுங்கும் அந்த இருமலும் நின்றுபோனது.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது.

சிகரெட் குடித்த காலத்தில் அதற்கென்று ஓர் இடமும் நேரமும் இருந்தன. சாருஜா பிறந்த நாளிலிருந்து வீட்டுக்குள் பற்றவைத்ததில்லை. எழும்பவேண்டும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வளவுக்குப் போகவேண்டும், பற்றவைத்து முடித்து வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வரவேண்டும். நாளொன்றுக்குப் பத்து. இப்போது அவன் எங்கும் எழும்பிப் போவதில்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இழுத்தான். ரீவிக்கு முன்னால் இழுத்தான். மோட்டார் சைக்கிளைச் சந்தியில் நிறுத்தி, பச்சை விழுவதற்குள் இழுத்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. காலைச் சாப்பாட்டில் சாருஜா சும்மா இருக்கவில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளை. எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி. மேசையில் கிடந்த குழலை எடுத்து அதன் சின்னத் திரையைத் தட்டினாள்.

“அப்பா, நேற்று மட்டும் முன்னூற்றுப் பதினேழு தரம் இழுத்திருக்கிறியள்.”

“அதை வை பிள்ளை.”

“பத்துச் சிகரெட் எண்டால், ஒண்டுக்குப் பன்னிரண்டு தரம் இழுத்தாலும் நூற்றிருபது. இப்ப அதைப்போல ரெண்டரை மடங்கு.”

“இது சிகரெட் இல்லை. கரி இல்லை, தார் இல்லை. உன்ரை மாமாவைக் கேள்.”

“அது சரி. ஆனா சிகரெட் எண்டால் ஒரு இடத்திலை முடிஞ்சு போகும். இது எங்கையப்பா முடியுது?”

ஜெயரூபன் இடியப்பத்தைப் பிசைந்தபடியே இருந்தான். வாய்க்கு எடுக்கவில்லை. சாருஜா புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“பெரியப்பா பின்னேரத்திலை இப்பவும் வேலியடிக்கு வந்து நிக்கிறார். நீங்கள்தான் போறேல்லை.”

சொதிச் சட்டியைத் தூக்கிய சுபாஜினியின் கை அப்படியே நின்றது.

அடுத்த வளவு ஜெயரூபனின் தமையன் முத்துக்குமாருவுடையது. அரசாங்கச் சி.ரி.பி பஸ்ஸில் முப்பது வருடம் றைவராக ஓடி ஓய்வெடுத்தவர். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. பதினொரு வருடமாக அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை.

மாமனாரின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து காணி பிரிக்க உட்கார்ந்தபோது வந்த சண்டை அது. கிணற்றங்கரைப் பக்கம் இரண்டு பரப்புக் காணி யாருக்கு என்று பேச்சு முற்றியபோது, முத்துக்குமாருவின் மனைவி மீனாம்பிகையைப் பார்த்து, “பிள்ளையில்லாத வீட்டுக்கு என்னத்துக்குக் கூடக் காணி?” என்று கேட்டவள் சுபாஜினி. சபையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மீனாம்பிகை அழவில்லை, திட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனவள்தான்.

ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு அண்ணனும் தம்பியும் வேலியடிக்கு வருவார்கள். கதியால் தடி ஒன்று பட்டுப்போய் விழுந்த இடைவெளி அங்கே இருந்தது. இவன் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ஒருவர் நெருப்பைக் கேட்க மற்றவர் நீட்டுவார். மழை, பெற்றோல் விலை, எந்தச் சொந்தக்காரர் செத்தார் என்று ஒரு சிகரெட் நேரத்துக்குக் கதை. அவ்வளவுதான். இரண்டு வீட்டுப் பெண்களும் அதைக் கண்டும் காணாததுபோல விட்டிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு மிஞ்சியது அந்தப் பத்து நிமிடம்தான்.

வேப் வந்த பிறகு ஜெயரூபனுக்கு வேலியடிக்குப் போகவேண்டிய தேவை இல்லாமல் போனது. அவன் வேண்டுமென்று விடவில்லை. கதிரையில் இருந்தே இழுக்கலாம் என்றானபின் எழும்பவில்லை, அவ்வளவுதான். சுபாஜினிக்கு அது இரட்டைச் சந்தோசம். சிகரெட்டும் போனது, வேலியடியும் போனது.

அந்தச் சந்தோசத்துக்குள் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். யாருக்கும் தெரியாது.

மூன்று கிழமைக்கு முன் ஒரு பின்னேரம், கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றவளை வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“பிள்ளை, தம்பி நிக்கிறானோ?”

பதினொரு வருடத்துக்குப் பிறகு முத்துக்குமாரு அவளோடு பேசிய முதல் வார்த்தை. குரல் கரகரவென்று அடைத்திருந்தது. தடிமன் என்று நினைத்தாள்.

“கடைக்குப் போட்டார்,” என்றாள். ஜெயரூபன் அப்போது ஹோலுக்குள் சாய்மனைக் கதிரையில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“வந்தால் ஒருக்கா வேலியடிக்கு வரச் சொல்லு பிள்ளை. ஒரு கதை கிடக்கு.”

ஓம் என்று தலையாட்டினாள். உள்ளே வந்து உடுப்பு மடித்தாள். சொல்லவில்லை. போனால் அண்ணன் கையில் சிகரெட் இருக்கும், இவனுக்கும் ஆசை வரும் என்று தன் மனதுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை அல்ல என்று அப்போதே அவளுக்குத் தெரியும்.

தான் படிப்பிக்கும் முன்பள்ளியில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினொன்றரைக்குச் சுபாஜினி திருநெல்வேலிச் சந்தைக்குள் நுழைந்தாள். கீரை விற்கும் தங்கமுத்து வல்லாரைக் கட்டை உதறிக்கொண்டே கேட்டாள்.

“மீனாம்பிகை அக்காவின்ரை மனுசனுக்கு இப்ப எப்பிடி?”

“ஏன், அவருக்கு என்ன?”

தங்கமுத்துவின் கை நின்றது. “உங்களுக்குத் தெரியாதே? தெல்லிப்பழைக்கெல்லே போய் வருகினம். என்ரை தங்கச்சியும் அங்கைதான் காட்டுறவள். போன கிழமையும் கண்டவள்.”

திருநெல்வேலியில் இருக்கிறவர்கள் காய்ச்சல், கை முறிவு என்றால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். அதைத் தாண்டித் தெல்லிப்பழைக்குப் போவதென்றால் என்ன வருத்தம் என்று வடக்கில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லுவதில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

“எங்கை?” என்று மட்டும் கேட்டாள்.

தங்கமுத்து தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

சுபாஜினி கீரையை வாங்கினாளா, விட்டுவிட்டு வந்தாளா என்று அவளுக்கே நினைவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

கடைக்குள் இரண்டு மாணவிகள் ஆய்வுக் கட்டுரைக்கு மட்டை போட நின்றார்கள். ஜெயரூபன் ஒரு பக்கத்தை இயந்திரத்தில் வைத்தான், இழுத்தான். அடுத்த பக்கத்தை வைத்தான், இழுத்தான். ஒரு பிள்ளை கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். அவன் கவனிக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை நடத்தும் கனகசபாபதி சுபாஜினியைக் கண்டு கையைத் தூக்கினார்.

“தங்கச்சி, முந்தி ஒரு நாளைக்கு அஞ்சு தரம் இஞ்சை வாற மனுசன். இப்ப றோட்டைக் கடக்கிறதே இல்லை. என்னோடை ஏதும் கோவமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

மாணவிகள் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். தெல்லிப்பழை என்றாள். தொண்டை என்றாள்.

ஜெயரூபன் கேட்டுக்கொண்டு நின்றான். முகத்தில் எதுவும் அசையவில்லை. கைதான் தன்பாட்டில் குழலை வாய்க்குக் கொண்டுபோனது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் புரையேறி மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

“எத்தினை நாளா?”

“மூண்டு, நாலு கிழமை இருக்குமாம்.”

“அண்ணை எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

சொல்லிவிட வேண்டிய இடம் அது. சுபாஜினியின் நாக்கு நுனிவரை வந்தது.

“எனக்கென்ன தெரியும்,” என்றாள்.

ஐந்தரைக்கு ஜெயரூபன் வேலியடிக்குப் போனான். அவளை வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுபாஜினி பின்னால் பத்தடி தள்ளி நின்றாள்.

முத்துக்குமாரு ஏற்கனவே அங்கே நின்றார். சேர்ட்டு தோளில் தொங்கியது. கழுத்தில் ஒரு துவாய். கையில் சிகரெட் இல்லை. மூன்று கிழமையாகக் குசினி யன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்த சுபாஜினிக்கு அது இப்போதுதான் உறைத்தது. அத்தனை நாளும் அந்தப் பக்கம் புகை எழவே இல்லை. புகைக்க ஒன்றும் இல்லாமலே அந்த மனுசன் ஐந்தரைக்கு வந்து நின்றிருக்கிறார்.

“வந்திட்டியே,” என்றார். குரல் என்று சொல்ல முடியாது. காற்றுக்குள்ளிருந்து சொற்கள் உரசி வந்தன.

“அண்ணை, ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தான்...” என்று தொடங்கியவர் ஜெயரூபனின் தோளுக்கு மேலால் சுபாஜினியைக் கண்டார். ஒரு கணம் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

“ஒருத்தருக்கும் சொல்லேல்லையடா. என்னெண்டு சொல்லுறது?”

தன்னைக் காப்பாற்ற அந்தத் தொண்டையால் ஒரு பொய்யைச் சிரமப்பட்டு வெளியே தள்ளுகிறார் என்று சுபாஜினிக்கு விளங்கியது. அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை.

“அண்ணை சொன்னவர்,” என்றாள். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து, கணவன் கூப்பிடுவதுபோல அண்ணை என்றுதான் அவளும் கூப்பிட்டவள். “மூண்டு கிழமைக்கு முதல் உங்களை வரச் சொன்னவர். நான்தான் சொல்லேல்லை. நீங்கள் உள்ளுக்கை இருக்க, கடைக்குப் போட்டார் எண்டு பொய் சொன்னனான்.”

ஜெயரூபன் திரும்பினான். திட்டுவான், கையை ஓங்குவான் என்றுகூட எதிர்பார்த்தாள். அவன் அவளை ஒரு முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் கை சேர்ட்டுப் பைக்குப் போய் குழலை எடுத்துவிட்டது. வாய்க்குப் பாதி வழியில்தான் தமையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான்.

“அதென்னடா?”

“இதுதான்... சிகரெட்டுக்குப் பதில்.”

“நீ விட்டிட்டாய் எண்டெல்லே நினைச்சன். அதுதான் வேலியடிக்கும் வாறேல்லையாக்கும் எண்டு சந்தோசப்பட்டன்.”

“நானும் விட்டிட்டன் எண்டுதான் நினைச்சன், அண்ணை.”

சொல்லிவிட்டு ஜெயரூபன் வேலியை விட்டு விலகி, சுபாஜினியைத் தாண்டி, படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினான். அடுத்த படலை திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். ரியூசன் முடிந்து வந்த சாருஜா தாயின் முகத்தைப் பார்த்து, “என்னம்மா?” என்றாள்.

“நான் பெரியம்மா வீட்டை போட்டு வாறன்.”

சாருஜா வாயைத் திறந்தபடி நின்றாள்.

படலையடியில் மீனாம்பிகை நின்றாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இத்தனை கிட்டத்தில் அவளைப் பார்த்துப் பதினொரு வருடம் என்பது அந்த நரையில்தான் தெரிந்தது. அவள் வா என்று சொல்லவில்லை. படலையைச் சாத்தவும் இல்லை. திரும்பி நடந்தாள். சுபாஜினி பின்னால் போய் விறாந்தைப் படியில் நின்றாள்.

உள்ளே மேசையில் ஒரு படிவம் கிடந்தது. ஜெயரூபன் அதைக் கையில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

“குரல்பெட்டியை முழுசா எடுக்கவேணுமாம்,” என்றாள் மீனாம்பிகை, ஜெயரூபனைப் பார்த்து. “எடுத்தால் தப்பலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். புதன்கிழமைக்கு முதல் கையெழுத்து வைச்சுக் குடுக்கவேணும். இவர் பேனையைத் தொடுறார் இல்லை.”

“கதைக்கேலாமல் இருந்து என்னத்துக்கு?” என்றார் முத்துக்குமாரு.

“அண்ணை, விசர்க்கதை கதையாதையுங்கோ. உயிரெல்லே.”

“உயிர்.” அவர் கதிரையில் முன்னுக்குச் சரிந்தார். “உனக்கு நெஞ்சிலை கம்பி வைச்சவங்கள். அதுவும் உயிர்தானே? நீ என்ன செய்தனீ? கோச்சியாலை இறங்கி பஸ்ஸிலை ஏறியிருக்கிறாய்.”

ஜெயரூபனின் இடது கை பைக்குள் இருந்தது. சேர்ட்டுத் துணிக்குள் விரல்கள் குழலை உருட்டுவது சுபாஜினிக்குத் தெரிந்தது.

“சரி. ஒரு கதை சொல்லுறன் கேள்.” முத்துக்குமாரு மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. “நீ அதை விடு. நாளைக்கு இல்லை, இண்டைக்கு. விட்டிட்டன் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

மீனாம்பிகையின் கை கதவு நிலையை இறுக்கிப் பிடித்தது.

அண்ணன் தம்பியின் நன்மைக்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் சுபாஜினிக்குப் பட்டது. பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் பயந்து போயிருந்தது. கத்திக்குப் பயம், பேச்சில்லாமல் கிடக்கப் பயம். தம்பியால் முடியாது என்று அவருக்குத் தெரியும். அவன் முடியாது என்றால் தனக்கும் தப்ப ஒரு வழி கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்.

சொல்லிவிடுங்கோ என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். பொய்யென்றாலும் சொல்லிவிடுங்கோ. கையெழுத்து விழட்டும். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஜெயரூபன் பையிலிருந்து குழலை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு நிமிடம் இருக்கும். எல்லோரும் அதையே பார்த்தார்கள். அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மடியில் கிடந்த கை ஒருமுறை எழும்பிப் பாதியில் நின்றது. மற்றக் கையால் அதைப் பிடித்து அமத்தினான். வாயைத் திறந்தான். மூடினான். டாக்டருக்குச் சத்தியம் பண்ணியவன், சுவாமி படத்துக்கு முன்னால் சுபாஜினிக்கும் சத்தியம் பண்ணியவன். இந்த முகத்துக்கு அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

“நாளைக்குச் சொல்லுறன், அண்ணை,” என்றான்.

குழலை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுபாஜினி நின்ற படிவழியே இறங்கி முற்றத்துக்குப் போனான்.

முத்துக்குமாரு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். பாரம் இறங்கிய ஆள்போல முகம் தெளிந்திருந்தது. படிவத்தை நாலாக மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

மீனாம்பிகை கதவு நிலையை விட்டு வந்து விறாந்தை விளிம்பில் நின்றாள். பதினொரு வருடத்தில் முதல்முறையாகச் சுபாஜினியின் முகத்தை நேரே பார்த்தாள்.

“நீ அண்டைக்குச் சொன்னதை நான் மறக்கேல்லை, மறக்கவும் மாட்டன்,” என்றாள். “அதுக்கு இப்ப நேரமில்லை. புதனுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு. உன்ரை மனுசனை என்ன செய்யப்போறாய் எண்டு சொல்லு.”